முகப்புக்குக் கிரானைட்டா, அலுமினியமா?

திருவான்மியூரில் மூன்று மாடி அலுவலகம் கட்டியபோது, முகப்பில் கிரானைட் ஒட்டுவதா, அலுமினியத் தகடு மாட்டுவதா என்று இரண்டு மாதம் இழுத்தடித்தோம். அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. கடைசியில் எடைதான் முடிவு செய்தது.

வேடிக்கை என்னவென்றால், கன மீட்டர் கணக்கில் இரண்டுமே சுமார் 2,700 கிலோதான். தடிமனில்தான் விஷயம்: 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு 54 கிலோ, 3 மி.மீ. அலுமினியத் தகடு 8 கிலோ. கிரானைட்டுக்குப் பின்னால் செங்கல் சுவரும் கலவையும் வேறு வேண்டும். தகட்டுக்கு ஒரு ஃபிரேமும் உள்பக்கம் போர்டும் போதும்.

எங்கள் பிளானில் ஒவ்வொரு மாடியும் தூணைத் தாண்டி நான்கு அடி வெளியே நீண்டிருந்தது. வாளியைத் தோளில் மாட்டுவதும் நீட்டிய கையின் விரலில் மாட்டுவதும் ஒன்றா? நாலரை அங்குலச் சுவர், பூச்சு, கிரானைட் எல்லாம் சேர்ந்து ஸ்லாப் விளிம்பில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன். அலுமினியத்தில் 150 கிலோகூட வரவில்லை. தூணிலிருந்து வெளியே நீண்டு அந்த விளிம்பைத் தாங்கும் கான்டிலீவர் பீம், டிராயிங்கில் 18 அங்குல ஆழமாக இருந்தது 12 அங்குலமானது, மேல்கம்பியும் குறைந்தது. அதைவிடப் பெரிய நிம்மதி ஒன்று உண்டு. கான்கிரீட் பாரம் தாங்கித் தாங்கி வருடக்கணக்கில் மெல்லத் தொய்யும். ஒட்டிய கல் அதைப் பொறுக்காமல் இணைப்பில் விரிசல் விடும், தகட்டில் அந்தக் கவலை இல்லை. அஸ்திவார ஃபுட்டிங்கில் மிச்சம் சொற்பம்தான், மூன்று மாடிக்கு அவ்வளவுதான்.

சரி, எடை குறைந்தால் காற்று குறையுமா? கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-இல் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மூலைகளில் அது தகட்டை வெளியே உறிஞ்சும் என்பதால் அங்கே பிராக்கெட்டை நெருக்கி வைத்தோம். மூன்று மீட்டர் தகடு 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும், ஆகவே போல்ட் துளை நீள்வட்டம். கடற்காற்றில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அரிப்பு. முதல் நாள் மாட்டிய இரும்பு போல்ட்டுகளை அத்தனையும் கழற்றி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நைலான் வாஷரும் போட வைத்தோம்.

நடுவில் பாலிஎத்திலீன் வைத்த கூட்டுத் தகடு இன்னும் மலிவு. 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீ வெளிப்புறமாக ஏறியது அந்த வகைத் தகட்டில்தான், 72 பேர் இறந்தார்கள். அதை யோசிக்கவே இல்லை.

எங்கள் தகடு இரண்டு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது. பெயின்ட் உழைப்பைப் பற்றி இப்போதே பேசுவது அவசரம். தரைத்தளத்தில் மட்டும் கிரானைட்தான். அங்கே சுவர் நேராகத் தரைமட்டத்துப் பிளிந்த் பீமில் உட்கார்ந்திருக்கிறது, அப்புறம் பார்க்கிங்கில் பைக் ஹேண்டில்பார் இடித்தால் தகடு நசுங்கிவிடும்.