கட்டுனது 5,000, திரும்ப வந்தது 2,860: என் காலேஜ் ஹாஸ்டல் அனுபவம்

போன வாரம் போன்ல ஒரு மெசேஜ், அக்கவுண்ட்ல 2,860 ரூபா கிரெடிட்னு. யாருடா இந்த தர்மப்பிரபுன்னு பாத்தா நான் படிச்ச காலேஜோட ஹாஸ்டல் காஷன் டெபாசிட், அதாவது ஏதாவது உடைஞ்சா புடிச்சுக்கறதுக்குன்னு முன்னாடியே வாங்கி வெக்கற காசு. 2018ல சேரும்போது கட்டுனது 5,000. 2022ல முடிச்சுட்டு, பாக்கி எதுவும் இல்லன்னு காட்டற நோ டியூ ஃபார்ம்ல லைப்ரரி, லேப், வார்டன்னு பதினோரு கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டு வந்தேன், 2025ல வந்து சேருது. மெயில்ல ஒரு கணக்கும் போட்டிருந்தாங்க. ஃபேன் ரெகுலேட்டர் 350, கட்டில் பலகை 790, செவுத்துக்கு பெயின்ட் 1,000. அந்த ரெகுலேட்டர் நான் ரூமுக்குள்ள போன அன்னிக்கே கிடையாது, ரெண்டு வயர முறுக்கி விட்டு இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கும், ஃபேன் போட்டா ஒரே ஸ்பீடுதான். இல்லாத பொருள நான் எப்படிங்க உடைப்பேன்?

அதே நாள் சாயங்காலம் அத்தை போன். "ஏங்கண்ணு, தம்பிக்கு கவுன்சிலிங்ல உங்க காலேஜே கெடைச்சுரும் போல, ஆஸ்டல்ல சேத்தலாமா? நாலு வருசம் இருந்தவன், நீயே சொல்லு." கேட்ட நேரம் சரியில்ல. நாளைக்கு சொல்றனுங்த்தைன்னு வச்சுட்டேன். அதுக்காகத்தான் இத எழுதி பாக்கறேன்.

மொதல்ல காசு. கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ், பேர் வேணாம். கவுன்சிலிங்ல கெடைக்கற கவர்மென்ட் கோட்டா சீட்டு, என்.பி.ஏ.ங்கற தரச் சான்று வாங்குன கோர்ஸ், அதனால டியூஷன் ஃபீஸ் 55,000. எங்க வீட்டுல நான்தான் முதல் பட்டதாரி, அந்த சர்டிபிகேட் இருந்ததால 25,000 கழிஞ்சு 30,000 கட்டுனா போதும். அப்பாக்கு தாராபுரத்துல டெய்லர் கடை, 30,000ன்னதும் மனுசன் சந்தோசமாயிட்டாரு. அப்புறம்தான் ஹாஸ்டல் சீட்டு வந்துச்சு. ரூம் வாடகை, மெஸ் அட்வான்ஸ், எஸ்டாப்ளிஷ்மென்ட்னு ஹாஸ்டல் நடத்தற செலவு, கரண்ட்டு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 72,000 சொச்சம். பாடம் சொல்லித் தர்றதுக்கு 30,000, படுக்கறதுக்கும் திங்கறதுக்கும் 72,000! சேக்கறதுக்கு முன்னாடி டியூஷன் ஃபீஸ் மட்டும் விசாரிச்சுட்டு வர்றவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் மாட்டுவாங்க.

லோன் போட்டோம். 4 லட்சத்துக்குள்ளன்னா சொத்து ஜாமீன் கேக்க மாட்டாங்க, அப்பா கூட சேந்து கையெழுத்து போட்டாரு. காலேஜ்ல வாங்குற ஃபீஸ் லெட்டர்ல ஹாஸ்டல், மெஸ் ரெண்டும் எழுதியிருக்கான்னு பாத்துக்கோங்க, எனக்கு மொத தடவ டியூஷன் மட்டும் போட்டுக் குடுத்துட்டாங்க, பேங்க் மேனேஜர் லெட்டர்ல இல்லாத தொகைய நான் எப்படி தர்றதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அவர் சொன்னதும் நியாயந்தான். நான் மறுபடி பஸ் ஏறி, ஆபீஸ் ரூம் வாசல்ல ரெண்டு நாள் நின்னு, அதுக்குள்ள கடைசி தேதி தாண்டி ஃபைன் வேற. ஒரு நல்லது, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ளன்னு தாசில்தார் ஆபீஸ் சர்டிபிகேட் குடுத்ததால படிக்கிற காலத்துக்கும் அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் உண்டான வட்டி மானியமா வந்துருச்சு. இப்ப மாசம் 5,600 இ.எம்.ஐ. போகுது. அதுல பாதிக்கு மேல நான் தின்ன சோறும் படுத்த கட்டிலுந்தான்.

தின்ன சோறுன்னு எழுதிட்டேன், தப்பு. திங்காத சோறுந்தான். என் மெயின் கடுப்பே அதுதான்.

எங்க மெஸ் டிவைடிங் சிஸ்டம். ஒரு மாசத்துக்கு ஆன அரிசி, மளிகை, காய், கேஸ், சமையல்காரங்க சம்பளம் எல்லாத்தையும் கூட்டி, அந்த மாசம் எத்தன பசங்க எத்தன நாள் மெஸ் கணக்குல இருந்தாங்களோ அதால வகுத்து ஒரு நாள் ரேட் போடுவாங்க. கேக்க ரொம்ப நியாயமா இருக்கும். ஆனா லீவ் நிறைய வர்ற மாசம் பாருங்க, பொங்கலுக்கு பாதிப்பேர் ஊருக்கு போயிருப்பான், சம்பளமும் கேஸும் பெருசா குறையாது, வகுக்கற நாள் குறைஞ்சுரும், ரேட் ஏறிரும். சாதா மாசம் ஒரு நாளைக்கு 100 பக்கம் இருக்கறது ஜனவரில 130ஐ தொடும். நோட்டீஸ் போர்டுல பேனால எழுதி ஒட்டுவாங்க, அது முன்னாடி நின்னு ஒவ்வொருத்தனும் போன்ல கால்குலேட்டர் தட்டிட்டு இருப்பான்.

அதையும் மன்னிச்சுரலாம். மெஸ் ரிடக்ஷன்னு ஒண்ணு உண்டு. ஊருக்கு போனா அந்த நாள கழிக்கலாம், ஆனா தொடர்ந்து அஞ்சு நாள் போயிருக்கணும், மூணு நாள் முன்னாடியே ஃபார்ம் குடுத்து வார்டன் கையெழுத்து வாங்கியிருக்கணும். நான் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிஞ்சா சிங்காநல்லூர் போயி மதுரை பஸ்ஸ புடிச்சு ராத்திரிக்கு தாராபுரத்துல அம்மா சோறு திங்கறவன், திங்கக்கிழமை காலைல நேரா கிளாஸுக்கு வருவேன். வாரத்துக்கு ரெண்டு நாள், வருஷத்துக்கு 30 வாரம்னு வச்சாலும் 60 நாள், 6,000 ரூபா. நான் திங்கல, ஆனா லோன்ல இருக்கு. ரெண்டாவது வருஷம் ஒரு தடவ எனக்கு காய்ச்சல் வந்து சரியா அஞ்சு நாள் வீட்டுல கெடந்தேன், டாக்டர் சீட்டோட போனா வார்டன் சொல்றாரு, காய்ச்சல் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி ஏன் எழுதிக் குடுக்கலன்னு. சிரிக்காம சொன்னாருங்க.

சாப்பாடு எப்படின்னா, சாப்பிடலாம். ஞாயித்துக்கிழமை சிக்கன் டோக்கன் நான் ஊருல இருக்கறதால ரூம்மேட்டுக்கு போயிரும். புதன்கிழமை பூரி நல்லா இருக்கும். சாம்பார பத்தி பேசி பிரயோஜனம் இல்ல. பாத்ரூம் காலைல ஏழு மணிக்கு மேல போனா க்யூ, ஆறுக்கு போனா ராஜா. ஹீட்டர், கெட்டில் பாத்தா தூக்கிட்டு போயிருவாங்க, அது எல்லா ஹாஸ்டல்லயும் உள்ளதுதான்.

இப்ப மனசாட்சிப்படி ஒண்ணு சொல்லணும். மொத வருஷம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸுங்கற வரையற பேப்பருக்கு மினி டிராஃப்டர்னு கோடு போடற சாமான் வாங்கணும்னாங்க, நான் கடைல விலை கேட்டுட்டு வந்து ரூம்ல உக்காந்திருந்தேன், மாடில இருந்த மூணாவது வருஷ அண்ணன் ஒருத்தர் வந்து ஒரு நீள டப்பாவ கட்டில்ல போட்டுட்டு "கீறல் இருக்கு, வேல செய்யும், அடுத்த வருஷம் எவனுக்காவது குடுத்துரு"ன்னு போயிட்டாரு. டப்பா மூடியோட உள்பக்கம் காம்பஸ் முள்ளால அஞ்சு பேரோட இனிஷியல் கீறியிருந்துச்சு. முதல் ஆளு 2011. ஆறாவதா நான் கீறுனேன். லேப் கோட்டு, பழைய கொஸ்டின் பேப்பர் கட்டு, முடிச்ச சப்ஜெக்ட் புக்குன்னு எல்லாம் இப்படித்தான் கைமாறி வரும், நான் அந்த நாலு வருஷத்துல புதுசா வாங்குனது ரெண்டே ரெண்டு புக். மேத்ஸ் மூணாவது பேப்பர் எனக்கு சுத்தமா ஏறல, வராண்டா டியூப் லைட்டுக்கு கீழ பாய போட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபோரியர் சீரிஸ் சொல்லிக் குடுத்தவன் பக்கத்து ரூம் பையன், அவன் என் டிபார்ட்மென்ட் கூட இல்ல. அரியர் இல்லாம நான் வெளிய வந்ததுக்கு காரணம் கிளாஸ் ரூமா வராண்டாவான்னு கேட்டா வராண்டான்னுதான் சொல்லுவேன்.

அத்தை சொன்ன நாலு வருசம் நெசத்துல மூணு கூட இல்ல. மார்ச் 2020ல கொரோனாவுக்கு மூடுனப்ப ரெண்டு வாரத்துல திரும்பிரலாம்னு பக்கெட்டு, போர்வை எல்லாம் விட்டுட்டு ஊருக்கு போனோம், ஒன்றரை வருஷம் கழிச்சு வந்து பாத்தா எல்லாருதும் ஒரே ஹால்ல மலையா குமிச்சு கெடக்கு. என் பக்கெட்டு கெடைக்கல. டிராஃப்டர நல்ல வேளை 2019லயே ஒரு ஜூனியருக்கு குடுத்துட்டேன்.

சரி, தம்பி விஷயம். அவன் ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீட்டுல டியூஷன், ஹாஸ்டல் ரெண்டையும் கவர்மென்டே கட்டிரும், இந்த பேச்சே தேவையில்ல. ஒம்போதாவதுல மாமா இங்கிலீஷ் மீடியம்னு பிரைவேட்டுக்கு மாத்திட்டாரு, போச்சு. முதல் பட்டதாரி சலுகையும் அவன் அக்கா வாங்கியாச்சு. ஆக அவனுக்கு டியூஷனே முழுசா கட்டணும், மேல ஹாஸ்டல், மேல திங்காத சோறு.

அடுத்த நாள் அத்தைக்கு போன் பண்ணி சொல்லிட்டேன், "ஆஸ்டல் வேண்டாமுங்த்தை, மூணு பசங்களா சேந்து வெளிய ரூம் எடுத்துக்கட்டும், அவனவன் தின்னதுக்கு அவனவன் காசு குடுக்கட்டும்"னு. மேல எழுதுனத எல்லாம் நானே படிச்சு பாத்தா வேற மாதிரிதான் சொல்லியிருக்கணும்னு தெரியுது, ஆனா ரெகுலேட்டருக்கு 350 புடிச்சவன் கைல இன்னொருத்தன நான் புடிச்சு குடுக்க மாட்டேன். அத்தை "செரி கண்ணு"ன்னுட்டு, "அந்த வரையற சாமான் ஒண்ணு வெச்சிருந்தயே, அது தம்பிக்கு ஆகுமா"ன்னு கேட்டாங்க. கேட்டு வாங்கித் தர்றனுங்த்தைன்னு சொல்லியிருக்கேன். நான் குடுத்த ஜூனியருக்கு நேத்து மெசேஜ் போட்டேன், அவன் அடுத்தவனுக்கு குடுத்துட்டானாம், அவன் அதுக்கடுத்தவனுக்கு. இப்ப பி பிளாக் ரெண்டாவது மாடில எவன்கிட்டயோ இருக்காம், ஹாஸ்டல் பையனுக்குன்னா மட்டும்தான் தருவானாம்.