கோவையில் படம் பார்க்க: தனித் திரையரங்கா, மாலா?

தென்னிந்தியத் திரைப்பட முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய வெரைட்டி ஹால் திரையரங்கின் பெயர் கோவையில் ஒரு சாலைக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. அந்த மரபில் வந்த தனித் திரையரங்கில் பெரிய நடிகரின் படத்தை முதல் நாளே பார்க்கும் அனுபவத்திற்கு மால் எவ்வகையிலும் ஈடாகாது என்பதே என் கருத்து. நாயகனின் பெயர் திரையில் விழுந்ததும் காகிதத் துண்டுகள் பறக்கும். முதல் பாட்டில் பாதி விசில் சத்தத்திலேயே மூழ்கிவிடும் (வரிகளைப் பிறகு வீட்டில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்).

ஆனால் வசனம் மெல்லிய குரலில் நகரும் படத்திற்கும், வயதான பெற்றோரை அழைத்துச் செல்லும் மாலைக் காட்சிக்கும், மின்தூக்கியும் தூய்மையான கழிப்பறையும் கார் நிறுத்த இடமும் உள்ள மால் திரையரங்கே ஏற்றது. அங்கே பாப்கார்ன் விலைதான் அநியாயம். இடைவேளையில் முட்டை பப்ஸும் தேநீரும் போதுமென்பவர்கள் பழைய அரங்கிற்கே செல்லலாம்.