காசில்லாமல் பேஸ்பால் பந்தயம்: சில சீசன்களுக்குப் பிறகு

முதலில் சட்டம். 2022ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் தடை செய்துவிட்டது. எனவே சில சீசன்களாக நான் கட்டிவரும் அமெரிக்க பேஸ்பால் பந்தயம் முழுவதும் ஒரு நீளக் கணக்கு நோட்டுக்குள்தான் நடக்கிறது. பணத்துக்குப் பதில் புள்ளி. எதிராளி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பக்கத்துக் கடை அண்ணன்.

நேரம் எங்களுக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. நியூயார்க்கில் மாலை 7.05க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை 4.35. நிலக்கோட்டை, உசிலம்பட்டிப் பூ மூட்டைகள் இறங்கும் நேரம். பிட்சர் பந்தை வீசுவதற்கு 2023இல் கடிகாரம் வைத்த பிறகு, மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டங்கள் சராசரியாக இரண்டே முக்கால் மணிக்குள் முடிந்துவிடுகின்றன. வியாபாரம் சூடு தணியும்போது முடிவும் தெரிந்துவிடும். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆட்டங்கள்தான் தொல்லை. அவை தொடங்கவே 7.40 ஆகிவிடும்.

புதிதாக வருபவர் முதலில் படிக்க வேண்டியது விலையை. ஓர் அணிக்கு −150, எதிரணிக்கு +130 என்று போட்டிருப்பார்கள். கழித்தல் குறி உள்ள அணிதான் ஜெயிக்கும் என்று சந்தை எதிர்பார்க்கிறது. அதன் மேல் 150 வைத்தால் லாபம் 100. கூட்டல் குறி உள்ள அணியின் மேல் 100 வைத்தால் லாபம் 130. இதை ஜெயிக்கும் வாய்ப்பின் சதவீதமாக மாற்றினால் முதல் அணிக்கு 60, மற்றதற்கு 43.5. கூட்டினால் 103.5 வருகிறது. நூறுக்கு மேல் நிற்கும் அந்த மூன்றரைதான் பந்தயம் நடத்துபவரின் பிழைப்பு. மல்லிகை என்ன விலைக்குப் போனாலும் மண்டிக்குக் கமிஷன் உண்டு அல்லவா, அதே கணக்கு. இதை ஒரு கமிஷன் கடைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவருக்கு அடுத்த அதிர்ச்சி, பலமான அணிகள் தோற்கும் வேகம். ஒரு சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். 2001இல் 116 வெற்றிகளோடு சாதனையைச் சமன் செய்த சியாட்டில்கூட 46 முறை தோற்றது. 2024இல் 121 ஆட்டங்களில் தோற்றுக் கேலிக்கு ஆளான சிகாகோ ஒயிட் சாக்ஸ் 41 ஆட்டங்களில் ஜெயித்தது. அந்த நாற்பத்தொன்றில் சிலவற்றை அண்ணன் முன்கூட்டியே நோட்டில் எழுதியிருந்தார் என்பதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அவருடைய ரகசியம் எளிது. "தம்பி, அணியின் பேரைப் பார்க்காதே. இன்றைக்கு யார் பந்து வீசுகிறான் என்று பார்" என்பார். தொடக்க பிட்சர் பொதுவாக ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறார். அதே அணியின் விலை நாளுக்கு நாள் மாறுவதற்குப் பெரும்பாலும் அவர்தான் காரணம். அறிவித்த பிட்சர் கடைசி நேரத்தில் மாறினால் எங்கள் நோட்டில் அந்தப் பந்தயம் செல்லாது. ஆனால் ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் ஐந்தாறு இன்னிங்ஸுக்குப் பிறகு அவரே இருக்க மாட்டார், மாற்று பிட்சர்கள் வந்துவிடுவார்கள். முந்தைய நாள் அவர்கள் எவ்வளவு களைத்தார்கள் என்று பார்ப்பதுதான் எனக்கு இந்த விளையாட்டின் சுவை.

மொத்த ரன்கள் குறிப்பிட்ட எண்ணைத் தாண்டுமா என்றும் பந்தயம் உண்டு. டென்வர் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறப்பதால் அங்கே அந்த எண் பத்தைத் தாண்டுவது சாதாரணம். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமல் எழுதவே கூடாது. இவையெல்லாம் தெரிந்துவிட்டால் ஜெயிக்கலாமா என்றால், இல்லை. எனக்குத் தெரிந்தது விலை போடுபவருக்கும் தெரிந்திருக்கிறது. என் நோட்டு ஒவ்வொரு சீசனும் மெதுவாக, ஏறக்குறைய அந்தக் கமிஷன் அளவுக்கே, நஷ்டத்தில் முடிகிறது.

பணத்தோடு ஆடுபவர்களின் கதை வேறு. பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்காக டுகுபிடா மர்கானோ என்ற வீரருக்கு 2024இல் ஆயுள் தடை விதித்தார்கள். ஜப்பானிய நட்சத்திர வீரர் ஷோஹெய் ஓடானியின் மொழிபெயர்ப்பாளர் வேறு விளையாட்டுகளில் கட்டிய பந்தயக் கடனுக்காக ஓடானியின் கணக்கிலிருந்து ஏறக்குறைய 1.7 கோடி டாலர் திருடி, 2025இல் சிறைத் தண்டனை பெற்றார். அண்ணன் அந்தத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, அன்று எதையும் எழுதாமல் நோட்டை மூடிவிட்டார்.

மார்ச் இறுதியில் அடுத்த சீசன். இம்முறை சொந்த மைதானத்தில் ஆடும் அணி இரண்டு ரன் வித்தியாசத்திலாவது ஜெயிக்கும் என்ற −1.5 பந்தயத்தை நான் தொடப்போவதில்லை. சொந்த மைதான அணி ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டாவதாகத்தான் மட்டை பிடிக்கும். ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதி முடியும்போது முன்னிலையில் இருந்தால் அந்த அணி மீண்டும் மட்டை பிடிப்பதே இல்லை; ஒரு ரன்னை இரண்டாக்கும் வாய்ப்பு அங்கேயே போய்விடுகிறது. அண்ணன் மட்டும் அதை விடுவதாக இல்லை.