ஹோட்டல், சுற்றுலா மேலாண்மை படிக்கலாமா? படித்துவிட்டு அதே துறையில் வேலை பார்த்தவரின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நல்ல படிப்பு. ஆனால் விளம்பரத்தில் எதைக் காட்டி ஆள் சேர்க்கிறார்களோ அதற்காக அல்ல. கோட்டு, பளபளக்கும் லாபி, கப்பல் வேலை, உலகம் சுற்றலாம் என்பதையெல்லாம் பார்த்துச் சேர்ந்தவர்களில் பலர் முதல் டிரெயினிங் முடிவதற்குள் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, சேரும்போது யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

எங்கே படித்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கிச்சன், சர்வீஸ், ஃப்ரண்ட் ஆபீஸ் (வரவேற்புப் பகுதி), ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு), அதற்கு மேல் கணக்கு, மார்க்கெட்டிங், சுற்றுலா, நடுவில் சில மாதம் ஹோட்டலில் டிரெயினிங். சுவிட்சர்லாந்தின் லோசானில் 1893-ல் ஹோட்டல் பள்ளி தொடங்கினார்கள், அமெரிக்காவின் கார்னெல்லில் 1922-ல் பல்கலைக்கழகப் படிப்பாகவே வந்தது. கையும் வேலை செய்ய வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும் என்ற அந்தக் கலவை சரியான கலவை. எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதில்தான் கோளாறு.

நாப்கின் மடிப்பது, படுக்கை விரிப்பது, தட்டை ஒரு கையில் ஏந்தி நடப்பது, இதற்கெல்லாம் பருவம் பருவமாக லேப். வேலைக்குப் போனால் ஒரு நல்ல சூப்பர்வைசரிடம் சில வாரங்களிலேயே இவை கைக்கு வந்துவிடும், அதுவும் அந்த ஹோட்டலின் முறைப்படி மறுபடி கற்கத்தான் வேண்டும். கிச்சன் பக்கம் உணவுப் பாதுகாப்பு மட்டும் விதிவிலக்கு. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடையில் கிடந்தால் கிருமி வேகமாகப் பெருகும் என்பதையும், 1960-களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக உருவான, எந்தக் கட்டத்தில் உணவு கெட வாய்ப்பு என்று முன்கூட்டியே கண்டு தடுக்கும் ஹாசாப் முறையையும் வகுப்பில் ஒழுங்காகக் கற்றவர், அவசரத்தில்கூடத் தெர்மாமீட்டரைத் தொடாமல் தட்டை வெளியே அனுப்ப மாட்டார்.

இந்தப் படிப்பின் உண்மையான மதிப்பு ரெவின்யூ பாடத்தில், அதாவது அறையை எப்போது என்ன விலைக்கு விற்பது என்று கற்றுத்தரும் பாடத்தில் இருக்கிறது. இன்று இரவு விற்காத அறையை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது, அந்த இரவு போனது போனதுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விலை, சலுகை, குரூப் புக்கிங் எல்லாமே வேறு மாதிரி தெரியும். ஒரு கணக்கு பாருங்கள். 100 அறை உள்ள ஹோட்டல், முழு வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். முழு வாடகைக்கு 80 அறை போனால் வருமானம் 8,000, அதாவது இருக்கிற ஒவ்வொரு அறைக்கும் சராசரியாக 80. இதைத்தான் ரெவ்பார் என்கிறார்கள். அதே இரவு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்து 95 அறையை நிரப்பினால் வருமானம் 7,600, ரெவ்பார் 76. லாபி நிரம்பி வழியும், எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் கையில் வந்தது குறைவு, அதோடு சுத்தம் செய்ய 15 அறை கூடுதல், அந்தச் சுமை ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் முதுகில். இது புரிந்தவரையும் புரியாதவரையும் ஒரே மீட்டிங்கில் உட்கார வைத்தால் அஞ்சு நிமிஷத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். ஓவர்புக்கிங்கும், அதாவது இருக்கிற அறையைவிட அதிகமாக முன்பதிவு எடுப்பதும் அப்படித்தான், வராமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்று பழைய பதிவுகளிலிருந்து கணிக்கத் தெரிய வேண்டும், கணிப்பு தவறி அறை இல்லாமல் ஒரு கெஸ்ட் வந்து நின்றால் அவரை மரியாதை குறையாமல் வேறு ஹோட்டலில் தங்க வைக்கவும் தெரிய வேண்டும். இவ்வளவு முக்கியமான பாடத்தைக் கடைசிப் பருவத்தில் சில வாரத்துக்குள் ஓட்டிவிடுகிற கல்லூரிகள் உண்டு. அது மாணவனுக்குச் செய்கிற அநியாயம்.

சுற்றுலாப் பகுதி சுமார். 1980-ல் பட்லர் என்ற ஆய்வாளர் சொன்ன சுற்றுலாத் தல வாழ்க்கைச் சுழற்சியை, அதாவது ஒரு தலம் வளர்ந்து கடைசியில் தேங்கிப்போகும் கதையைப் படம் வரைந்து மார்க் வாங்கலாம், ஆனால் தாய்லாந்தின் மாயா பே கடற்கரையைக் கூட்டம் தாங்காமல் 2018-ல் மூடி, பவளப்பாறைகளை மீட்டெடுத்து, 2022-ல் ஆட்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வைத்துத் திறந்ததை வகுப்பில் உட்கார்ந்து அலசினால் அந்தப் படத்துக்கு உயிர் வரும். பெரும்பாலும் அது நடப்பதில்லை.

அப்புறம் டிரெயினிங். இதில்தான் படிப்பே நிற்கிறது, இதில்தான் ஏமாற்றமும் அதிகம். என்னை அனுப்பிய இடத்தில் பாதி நாளுக்கு மேல் கரண்டி, கத்தி துடைக்கத்தான் விட்டார்கள். ஃப்ரண்ட் ஆபீஸுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் நைட் ஆடிட்டில் உட்கார வைத்தார்கள், அந்த நாளின் எல்லா பில்லும் ஒரு கணக்கில் வந்து சேர்வதைப் பார்த்த பிறகுதான் ஹோட்டல் என்பதே எனக்குப் புரிந்தது. டிரெயினியைச் சம்பளம் குறைந்த வேலையாளாக மட்டும் பார்க்கிற இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கல்லூரி கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

வேலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரே விடுமுறையில் இருக்கும்போதுதான் நமக்கு வேலை உச்சத்தில் இருக்கும். காலையில் சில மணி நேரம், நடுவில் இடைவெளி, மறுபடி இரவு வரை என்று ஷிஃப்ட் உடைந்து வரும். கோபமாக வருகிறவரிடம் நிதானமாகப் பேசிக்கொண்டே இருப்பது கால் வலியைவிடப் பெரிய களைப்பு. பட்டம் வாங்கியவருக்கும் தொடக்க வேலை பெரும்பாலும் கவுண்டரிலோ சர்வீஸிலோதான், மேனேஜர் நாற்காலி இல்லை. பட்டத்தின் பலன் சில வருடம் கழித்து, ரெவின்யூ, சேல்ஸ் பக்கம் நகரும்போது தெரியும்.

துறை ஆடிப்போனால் என்ன ஆகும் என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. 2020-ல் உலக அளவில் வெளிநாட்டுப் பயணிகளின் வருகை 70 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது, வேலை போனவர்கள் ஏராளம். ஆனால் ஷிஃப்ட் போடத் தெரிந்த, புகாரைக் கையாளத் தெரிந்த, சுத்தத்தின் தரம் தெரிந்த ஆளுக்கு மருத்துவமனை, விமான நிறுவனம், அலுவலக வளாகப் பராமரிப்பு என்று வெளியேயும் இடம் இருக்கிறது.

சரி, கல்லூரி பார்க்கப் போகிறீர்கள் என்றால் டெமோ கிச்சனைப் பார்த்து மயங்க வேண்டாம். போன வருட மாணவர்கள் டிரெயினிங்கில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் இருந்தார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். முன்பதிவு மென்பொருளை மாணவர்கள் தாங்களே இயக்கிப் பழகுகிறார்களா, ரெவின்யூ பாடம் நடத்துகிறவர் ஹோட்டலில் அந்த வேலையைப் பார்த்தவரா என்றும் கேளுங்கள். பட்டியலைக் காட்டத் தயங்கினால் அடுத்த கல்லூரிக்குப் போய்விடுங்கள்.