முற்றிய வேலிச்செடி: ஒரேயடியாக வெட்டுவதா, பக்கம் பக்கமாகவா?

மேலே குடைபோல் தழைத்து, அடியில் வெறும் குச்சியாக நிற்கும் வேலியை வடிவுக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, தரையிலிருந்து 30 முதல் 60 செ.மீ. வரை விட்டுவிட்டு மொத்தத்தையும் கழித்துவிடுவது. வேலை சட்டென்று முடியும். அடிக்கட்டையிலிருந்தே துளிர் வரும். ஆனால் அதுவரை மறைப்பே இருக்காது. இலையை இழந்த செடி, வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்ததைக் கொண்டுதான் பிழைக்க வேண்டும். நோஞ்சான் செடி பட்டுப்போகவும் கூடும்.

இரண்டாவது, இந்த ஆண்டு ஒரு பக்கத்தை நடுத்தண்டை ஒட்டி வெட்டுவது. அது நன்றாகத் தழைத்த பிறகே மறுபக்கம். மறுபக்கத்து இலைகள் செடிக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். பார்க்கக் கோணலாகத்தான் இருக்கும், பொறுமையும் வேண்டும். ஆனாலும் நான் இதையே சொல்வேன். வளர்த்த செடியைப் பறிகொடுப்பதைவிட ஓராண்டு காத்திருக்கலாம்.

செம்பருத்தி போன்ற திடமான செடி என்றால் முதல் வழியும் சரிதான். வெட்டுமுன் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. சைப்ரஸ் என்னும் ஊசியிலை மர வகையால் ஆன வேலிக்கு இரண்டுமே ஆகாது: இலையற்ற பழைய கட்டையில் அது மீண்டும் துளிர்க்காது. பச்சை நுனிகளை மட்டும் கத்தரியுங்கள். பறவைக்கூடு இருந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை கத்தரியைத் தொடவே வேண்டாம்.

எப்படி வெட்டினாலும் அடி அகலமாக, உச்சி குறுகலாக இருக்கட்டும். அப்போதுதான் கீழ் இலைகளுக்கும் வெயில் எட்டும்.