அல்வா கவுண்டரில் இருபக்கத் திரை தராசு: நாலு வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

"அண்ணாச்சி, பொட்டிக்கும் சேத்தா துட்டு?" திருநெல்வேலியில் அல்வா வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை, மனசில் வைத்துக்கொள்வார்கள். அந்தச் சந்தேகம் தீராதவரை கடையின் மற்ற உபசாரம் எதுவும் எடுபடாது. அதைத் தீர்க்க வேண்டியது தராசு. வாங்குகிறவர் பக்கமும் திரை உள்ள எலக்ட்ரானிக் தராசு கவுண்டரில் நாலு வருஷம் உழைத்தால் எது தாங்கும், எது போகும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் அளவு. மளிகைக்கு வாங்கும் 30 கிலோ தராசையே பலரும் அல்வாவுக்கும் வைத்துவிடுகிறார்கள். அது தப்பு. தகட்டில் மேக்ஸ் (நிறுக்கக்கூடிய அதிகபட்ச எடை), மின் (குறைந்தபட்ச எடை) என்று எண்கள் இருக்கும். 30 கிலோ தராசு பெரும்பாலும் 5 கிராம் படியில் ஓடும், அதாவது எண் 5 கிராம் 5 கிராமாகத்தான் மாறும்; அதன் மின் 100 கிராம். வாழையிலைத் துண்டில் 50 கிராம் வாங்கி நின்றபடியே தின்கிறவருக்கு அதில் நிறுத்துக் கொடுக்கக் கூடாது. 6 கிலோ கொள்ளளவு, 1 கிராம் படி, மின் 20 கிராம் உள்ளதுதான் அல்வாவுக்குச் சரி. கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் 5 கிராம் 2 ரூபாய், 1 கிராம் 40 காசு. வித்தியாசம் அங்கேதான்.

அடுத்தது டேர் பொத்தான், அதாவது பெட்டியின் எடையைக் கழிக்கும் பொத்தான். அரைக்கிலோ அட்டைப்பெட்டி 40 கிராம் இருந்தால், அதே விலைக்கு 16 ரூபாய் பெட்டிக்குப் போய்விடும். காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து, டேர் அழுத்தி, திரை சைபர் காட்டியதை அவர் பார்த்த பிறகே கரண்டியை எடுக்க வேண்டும். "பாருங்க ஆச்சி, பொட்டிய வச்சு சைபர் ஆக்கிட்டுதான் போடுதேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண் மங்கிய பெரியவர்களுக்கு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

கூட்ட நேரத்தில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். பெட்டியை எடுத்த பிறகும் முன்பு கழித்த எடை தராசின் கணக்கில் அப்படியே நிற்கும். முந்தினவருக்கு 5 கிராம் தாளைக் கழித்துவிட்டு, அடுத்தவருக்கு 40 கிராம் பெட்டியை டேர் அழுத்தாமல் வைத்தால் அவருக்கு 35 கிராம் குறையும். மாற்றி நடந்தால் கடைக்கு 35 கிராம் நஷ்டம். சாயங்காலக் கூட்டத்திலும் ஆனித் தேர் நாட்களிலும் ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாக டேர் அழுத்துவதைக் கைப்பழக்கமாகவே ஆக்கிவிட வேண்டும்.

போடுகிற முறையும் உண்டு. அரைக்கிலோ கேட்டால் முதல் கரண்டியிலேயே 520 போட்டுவிட்டுக் கிள்ளி எடுக்கக் கூடாது. எடை சரிதான் என்றாலும் வாங்குகிறவர் முகம் வாடிவிடும். 460 வரை ஒரே வீச்சில் போட்டு, மிச்சத்தைச் சின்னத் துண்டுகளாகச் சேர்த்து 503, 504-இல் நிறுத்தினால் அதே அல்வா மனநிறைவோடு வீட்டுக்குப் போகும்.

திரையில் சிவப்பு எல்இடி எங்களுக்குப் பிடித்தது. வெளிச்சம் மங்கிய கடையில் இரண்டு ஆள் தள்ளி நிற்பவருக்கும் தெரியும். ஆனால் பின்பக்கத் திரையைக் கண்ணாடிப் பெட்டியோ பார்சல் அடுக்கோ மறைத்துவிட்டால் இருந்தும் பயனில்லை. தராசை வைத்த பிறகு வெளியே போய் நின்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விலை கணக்கிடும் ரகம் சில்லறைக் கணக்கை மிச்சப்படுத்தும். அல்வா விலையை மாற்றாமல் மிக்சரை நிறுப்பதுதான் அதில் வரும் பிசகு.

பழுதுக்கு முதல் காரணம் நெய். தட்டின் கீழே வழிந்து உறைந்தால் தட்டு ஒட்டிப் பிடிக்கும், சுமையை எடுத்தாலும் எண் சைபருக்கு இறங்காமல் 2, 3 கிராமில் நிற்கும். தினமும் கடை சாத்தும் முன் தட்டைக் கழற்றி ஈரத்துணியால் துடைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. 15 கிலோ நெய் டின்னை ஒரு நிமிஷம் என்று 6 கிலோ தராசில் வைத்தால் தட்டின் கீழே எடையை உணரும் லோடுசெல் வளைந்துவிடும். இடம் மாற்றும்போது தட்டைப் பிடித்துத் தூக்குவதும் அதே கெடுதல்தான். எண் ஆடிக்கொண்டே இருந்தால் மின்விசிறிக் காற்றையும், தராசு சமமாக நிற்கிறதா என்று காட்டும் குமிழி நடுவில் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். உள்ளே சூடு இருப்பதால் கரப்பான் குடியேறும், ஓட்டைகளைக் கவனிக்க வேண்டும். பேட்டரியை ஒருநாளும் முழுக்க வடிய விடாதீர்கள். லெட் ஆசிட் ரகம் அப்படி அடிக்கடி வடிந்தால் பிறகு சார்ஜ் சரியாக நிற்காது.

கடை திறந்ததும் முத்திரையிட்ட 1 கிலோ படிக்கல்லைத் தட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை எண் மாறினால் அன்றைக்கு அந்தத் தராசில் வியாபாரம் வேண்டாம். எடை குறைகிறது என்று யாராவது திரும்பி வந்தால் வாதாடாமல் அதே கல்லை அவர் கண் முன்னாலேயே வைத்துக் காட்டி, பிறகு அவர் பொட்டலத்தை நிறுங்கள்.

எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை, அதாவது அரசு சரிபார்த்து மறுபடி இடும் முத்திரை, வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. சான்றிதழைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகாமல், நிற்கிறவர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். பழுது பார்க்க முத்திரையை உடைத்திருந்தால், மறுபடி முத்திரை விழும்வரை அந்தத் தராசு கவுண்டருக்கு வரக் கூடாது. தீபாவளிக்கு முந்தின வாரம் மெக்கானிக்கைத் தேடாமல், குற்றாலச் சீசன் ஆரம்பிக்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.