செயிண்ட் ஜார்ஜஸ் சந்தை: ஜாதிக்காய் வாங்கப் போகிறவர்களுக்கு

விலை சொன்னதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த டாலர்?" கரீபியத் தீவு நாடான கிரெனடாவின் தலைநகர் செயிண்ட் ஜார்ஜஸில் கிழக்குக் கரீபிய டாலர் (சுருக்கமாக ஈசி), அமெரிக்க டாலர் இரண்டும் புழங்குகின்றன. இரண்டுக்கும் ஒரே குறிதான். 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 ஈசி டாலர் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். கேட்காமல் தலையாட்டினால் பத்து ரூபாய்ப் பொருளுக்கு இருபத்தேழு கொடுத்த கதையாகிவிடும். டாக்ஸிக்காரர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில் சொல்வார்கள், சந்தைப் பெண்கள் ஆளைப் பார்த்துச் சொல்வார்கள். சில்லறை ஈசியில்தான் திரும்பி வரும். அந்தக் காசு எட்டு நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் வெளியே செல்லாது, அதனால் சின்ன நோட்டாக எடுத்துப் போங்கள்.

கப்பல் வந்து நிற்கும் மெல்வில் தெருவிலிருந்து சந்தைச் சதுக்கம் சில நிமிட நடை. சனிக்கிழமை காலை போனால் ஊரே அங்கே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை போனால் வெயில் மட்டும் இருக்கும். முன்வரிசைக் கடைகளில் தொங்கும் மசாலா மாலைகள் அழகுதான், ஆனால் சமையலுக்கு உதவாது. காற்றிலும் வெளிச்சத்திலும் கிடந்து வாசம் போயிருக்கும். கதவில் மாட்ட வேண்டுமானால் வாங்கலாம். உள்ளே தள்ளி, காய்கறியோடு மசாலாவும் வைத்து உள்ளூர்க்காரருக்கு விற்பவரிடம் போங்கள்.

ஜாதிக்காயை ஓட்டோடு வாங்குவதே சரி. காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். ஆடினால் நன்றாகக் காய்ந்து பருப்பு ஓட்டைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு நிழலில் ஆறேழு வாரம் பிடிக்கும். சத்தமே வராவிட்டால் ஈரம் மிச்சம். ஓடு உடைத்த காய் மட்டும்தான் இருக்கிறது என்றால் குண்டூசியால் குத்திப் பாருங்கள், எண்ணெய் கசிந்தால் நல்ல காய். ஊசித்துளை போன்ற ஓட்டை இருந்தால் பூச்சி உங்களுக்கு முன்பே சாப்பிட்டுவிட்டது. இங்கே தரம் பிரிப்பதும் எளிய வழியில்தான்: ஓடு நீக்கிய காயைத் தண்ணீரில் போடுவார்கள், மூழ்குவது சமையலுக்கு, மிதப்பது எண்ணெய் எடுக்க.

எங்கள் வாக்கு, ஜாதிக்காய் ஓட்டைச் சுற்றி வலைபோல் படர்ந்திருக்கும் ஜாதிபத்திரிக்குத்தான். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறத்தில், வளைத்தால் பட்டென்று ஒடிவதை எடுங்கள். ரத்தச் சிவப்பாகத் துவண்டு கிடப்பது பார்க்கப் பிரமாதம், ஆனால் ஈரம் போகவில்லை, பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும்.

தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் வைத்திருக்கும் தீவில் இது சல்லிசாகக் கிடைக்க வேண்டாமா என்று தோன்றும். 2004 செப்டம்பர் 7-ஆம் தேதி ஐவன் சூறாவளி தோட்டங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. விதை போட்டு வளர்த்த மரம் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும், அதுவும் பூத்த பிறகுதான் ஆண் மரமா பெண் மரமா என்றே தெரியும். அதனால் பேரம் பேசி மல்லுக்கட்ட வேண்டாம், நாலைந்து பொட்டலம் சேர்த்து எடுத்தால் அவர்களே ஒன்று கூடப் போடுவார்கள்.

பெயரிலும் ஏமாறலாம். 'சாஃப்ரன்' என்று கூப்பிட்டு விற்பது குங்குமப்பூ இல்லை, நம் மஞ்சள். 'பே லீஃப்' என்பதும் பிரியாணி இலை இல்லை, கிராம்பு வாசம் வீசும் வேறொரு மரத்து இலை. கொக்கோ உருண்டை கட்டாயம் வாங்க வேண்டியது. ஒரு டம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி துருவி, பட்டையோடு தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்க்க வேண்டும். மேலே நெய் போல மிதப்பது கொக்கோவின் கொழுப்புதான், கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள்.

சாப்பாட்டில் 'ஆயில் டவுன்' தேசிய உணவு. சீமைப்பலா, சேம்பு இலை, மஞ்சள், தேங்காய்ப்பால் எல்லாம் ஒரே பானையில். பால் முழுக்க வற்றி அடியில் எண்ணெய் நிற்கும்வரை கிண்டாமல் வேகவிடுவதால் அந்தப் பெயர். உப்பிட்ட பன்றி வாலோ கருவாடோ வழக்கமாக உள்ளே இருக்கும், சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிச் செய்யவைத்தால் உண்டு. ரொட்டியும் எங்கும் கிடைக்கும், 1857-இல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்த கூலிகள் விட்டுப்போன சொத்து. கோழி ரொட்டியில் எலும்பு இருக்கும், பார்த்துக் கடியுங்கள்.

துறைமுகமான கேரனேஜ் பக்கம் போக செண்டால் சுரங்கப்பாதை குறுக்குவழி. 1890-களில் குதிரை வண்டிக் காலத்தில் குடைந்தது. நடைபாதை கிடையாது, வண்டி வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதைத் தவிர்த்தால் மேட்டில் ஏறி இறங்க வேண்டும், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுரங்கமே தேவலாம்.

கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக்கு டாக்ஸி வேண்டாம், ஒன்றாம் எண் வேன் போதும். ஆள் நிரம்பியதும் கிளம்பும். இறங்குமிடம் வந்ததும் வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் நிறுத்துவார்கள். பாட்டுச் சத்தத்தில் வாயால் சொல்வது யாருக்கும் கேட்காது. இரவு எட்டுக்கு மேலும் ஞாயிறன்றும் இதை நம்ப வேண்டாம்.

பையில் ராணுவப் புள்ளி போட்ட உடுப்பு இருந்தால் ஊரிலேயே விட்டு வாருங்கள், குழந்தைகளுடையதும் சேர்த்துத்தான். அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம். செருகி மூன்று பட்டைக் கால் கொண்ட பிரிட்டிஷ் வகை, மின்னழுத்தம் 230 வோல்ட், ஆகவே மாற்றுச் செருகி மட்டும் போதும்.